முக்கால் நொடியில் தரை!

குட்டீஸ், புதுச்சேரியிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் மரக்காணம் பக்கமாகப் போயிருக்கிறீர்களா? போகிற வழியில் இடது பக்கம் திரும்பினால் குயிலாப்பாளையம். செம்மண், முந்திரி மரங்கள், கொஞ்ச தூரத்தில் கடல். இன்னும் வடக்கே போனால் மரக்காணத்து உப்பளங்கள்.

இந்தக் கரைக்குப் புயல் புதுசு இல்லை. 2011 டிசம்பர் 30ல் 'தானே' வந்தது. 2024 நவம்பர் 30ல் 'ஃபெஞ்சல்' வந்தது. (இரண்டுக்கும் 30ம் தேதிதான் பிடிக்கும் போலிருக்கிறது!)

புயல் போன மறுநாள் என்ன நடக்கும்? கீற்று பறந்த வீட்டிலும், ஷீட் உடைந்த வீட்டிலும் யாராவது கூரை மேல் ஏறுவார்கள். அது உங்கள் அப்பாவாக இருக்கலாம், மாமாவாக இருக்கலாம், கூலிக்கு வந்த கீற்று வேய்பவராக இருக்கலாம். கூரை ஈரமாக வழுக்கும். மரச்சட்டம் உள்ளுக்குள் உளுத்திருக்கும். ஆனாலும் வெறுங்காலோடு, ஒரு கயிறுகூட இல்லாமல் ஏறிவிடுவார்கள். "இவ்வளவு உயரம்தானே!" என்பார்கள்.

அந்த 'இவ்வளவு உயரம்' எவ்வளவு என்று கணக்குப் போடுவோமா? சாதாரண வீட்டுக் கூரை 3 மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து விழுகிறவர் தரையைத் தொட முக்கால் நொடிதான் ஆகும். தொடும்போது வேகம் மணிக்கு சுமார் 28 கிலோமீட்டர். சைக்கிளை வெறித்தனமாக மிதித்துப் போய் சிமென்ட் சுவரில் மோதினால் எப்படி இருக்கும்? அதேதான். முக்கால் நொடியில் 'ஐயோ' என்று கத்தி முடிக்கவே நேரம் இல்லை. அப்புறம் எங்கே எதையாவது எட்டிப் பிடிப்பது? அதனால், பிடிக்கிற வேலையை முன்கூட்டியே ஒரு கயிற்றிடம் கொடுத்துவிட வேண்டும்.

"இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டால் போதுமே" என்கிறீர்களா? அங்கேதான் ஆபத்து. விழுகிற உடம்பை இடுப்புக் கயிறு வெடுக்கென்று நிறுத்தும்போது, மொத்த அடியும் வயிற்றிலும் முதுகெலும்பிலும் இறங்கும். உடம்பு இரண்டாக மடங்கி, கயிற்றிலிருந்து நழுவியும் போகலாம். அதற்காக வந்ததுதான் 'ஹார்னஸ்' என்கிற முழு உடல் பெல்ட். ஸ்கூல் பை வார் மாதிரி இரண்டு தோளிலும் பட்டை, இரண்டு தொடையைச் சுற்றியும் பட்டை. முதுகில், தோள்பட்டைகளுக்கு நடுவே ஓர் இரும்பு வளையம். கயிற்றின் கொக்கியை அதில்தான் மாட்டுவார்கள். விழுந்தால் அடி தொடை, இடுப்பு, தோள் என்று பிரிந்துபோகும். விழுந்தவரும் தலை மேலேயும் கால் கீழேயுமாகத் தொங்குவார்.

கயிற்றில் ஒரு சின்னப் பொட்டலமும் இருக்கும். அதற்குள் நாடாவை மடித்து மடித்துத் தைத்து வைத்திருப்பார்கள். ஆள் விழுந்து கயிறு இழுபட்டதும், தையல் 'பர்ர்ர்' என்று வரிசையாகப் பிரியும். நாடா நீளும். வேகம் மெல்லக் குறையும். வேகமாக வரும் கிரிக்கெட் பந்தைப் பிடிக்கும்போது கையைப் பின்னால் இழுத்துக்கொள்கிறீர்கள் அல்லவா? அதே வித்தை! ஒரு தடவை பிரிந்த பொட்டலத்தை மறுபடி தைத்துப் பயன்படுத்தக் கூடாது. தூக்கிப் போட வேண்டியதுதான்.

இப்போது ஒரு புதிர். கயிறு 2 மீட்டர். பிரிகிற நாடா இன்னும் ஒரு மீட்டருக்கு மேல். தொங்குகிற ஆளின் உயரம் வேறு. ஆக, காலுக்குக் கீழே தரை வராமல் இருக்க ஏறக்குறைய 6 மீட்டராவது வேண்டும். ஆனால் வீட்டுக் கூரையோ 3 மீட்டர்! கயிறு விறைப்பதற்குள் ஆள் தரையில் இருப்பார். என்ன செய்வது?

மாட்டை முளைக்குச்சியில் கட்டும்போது, பக்கத்து வயல் எட்டாத அளவுக்குத்தானே கயிறு விடுவார்கள்! அதேதான் விடை. கூரையின் ஓரத்தையே எட்ட முடியாதபடி கயிற்றைக் குட்டையாகக் கட்டிவிட வேண்டும். அதையும் டி.வி. ஆன்டெனா கம்பியில் கட்டக் கூடாது. ஆளின் எடையைப் போலப் பல மடங்கு இழுத்தாலும் அசையாத இடமாகப் பார்க்க வேண்டும். அப்படி இடமே இல்லையா? சாரம் கட்டித்தான் வேலை செய்ய வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட் இன்னும் மோசம். பார்க்கக் கல் மாதிரி இருக்கும், மிதித்தால் அப்பளம். நான் ஆறாவது படிக்கும்போது, பந்து எடுக்க எங்கள் மாட்டுக் கொட்டகை மேல் அண்ணன் ஏறினான். இரண்டாவது அடியிலேயே ஒரு கால் உள்ளே போய்விட்டது. நடுவில் குறுக்குக் கட்டை இருந்ததால் தொடையோடு நின்றது. இல்லாவிட்டால் கீழே கருங்கல் தொட்டி. பழகிய வேலைக்காரர்கள்கூட ஷீட்டில் நேராக மிதிக்க மாட்டார்கள். குறுக்கே நீளப் பலகை போட்டு, அதன் மேல்தான் நடப்பார்கள்.

குயிலாப்பாளையத்துக்குப் பக்கத்தில்தான் ஆரோவில்லின் மாத்ரி மந்திர் இருக்கிறது. 1971ல் தொடங்கி 2008ல் முடிந்த தங்க உருண்டை. உயரம் சுமார் 29 மீட்டர். உருண்டையில் நிற்க ஏது இடம்? எங்கே கால் வைத்தாலும் சரிவு! அதன் உச்சியிலிருந்து ஒரு சுத்தியல் நேராக விழுந்தால், தரையைத் தொடும்போது மணிக்கு 85 கிலோமீட்டர் வேகத்தில் இருக்கும். கீழே நிற்பவருக்கும் ஹெல்மெட் ஏன் என்று இப்போது புரிகிறதா?

அமெரிக்காவில் சான் பிரான்சிஸ்கோவின் கோல்டன் கேட் பாலத்தை 1933 முதல் 1937 வரை கட்டினார்கள். அப்போது பாலத்துக்கு அடியில் பெரிய வலை விரித்தார்கள். 19 பேர் அதில் விழுந்து பிழைத்தார்கள். அவர்கள் தங்களுக்கு 'நரகத்துக்குப் பாதி வழி சங்கம்' என்று பெயர் வைத்துக்கொண்டார்கள்! ஆனால் 1937 பிப்ரவரி 17ல் ஒரு வேலைமேடையே பெயர்ந்து விழுந்து வலையைக் கிழித்துவிட்டது. 10 பேர் இறந்தார்கள். ஆளைத் தாங்கிய வலை, பல டன் மேடையைத் தாங்கவில்லை.

ஹார்னஸ் ஆளைப் பிடித்துவிட்டாலும் வேலை முடியவில்லை. அசையாமல் தொங்குகிறவரின் ரத்தம் கால்களில் தேங்கி, சில நிமிடங்களிலேயே மயக்கம் வரலாம். அதனால் கூரையில் தனியாக வேலை செய்யவே கூடாது. ஏணியோடு கீழே ஒருவர் நிற்க வேண்டும்.

அந்த நேரத்தில் நீங்கள் பக்கத்தில் இருந்தால்? கூரைக்கு நேர் கீழே நிற்காதீர்கள். யாராவது விழுந்துவிட்டால் தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பில் அடிபட்டிருந்தால் அதுவே கேடாகிவிடும். பெரியவர்களைக் கூப்பிட்டுவிட்டு 108க்குப் போன் செய்யுங்கள். போனில் முதலில் ஊர், பிறகு தெரு, பக்கத்தில் இருக்கும் கோயிலோ பள்ளிக்கூடமோ என்று ஓர் அடையாளம். அதைச் சொன்ன பிறகுதான் மற்றதெல்லாம்.