பத்துப் பேர், இரண்டு தூக்க மருந்து!

அமெரிக்காவில் கலமசூ என்று ஓர் ஊர். அங்கே மனநோய் ஆஸ்பத்திரியில், தூக்கம் வராமல் தவித்த 10 நோயாளிகளுக்கு இரண்டு மருந்துகளைக் கொடுத்துப் பார்த்தார்கள். சில இரவு ஒரு மருந்து. சில இரவு மற்றொன்று. சில இரவு மருந்தே கிடையாது. 1905-ம் ஆண்டு முடிவு வெளியாயிற்று.

முதல் மருந்தால் சராசரி 45 நிமிடம் கூடுதலாகத் தூங்கினார்கள். இரண்டாவது மருந்தால் 2 மணி 20 நிமிடம்!

“இரண்டாவதுதான் நல்ல மருந்து. இதில் என்ன சந்தேகம்?” என்று கேட்கத் தோன்றும். ஆனால் பத்தே பேர்தானே? தற்செயலாகவும் இப்படி வந்திருக்கலாம் அல்லவா?

பீர் ஆலை ஊழியர்

இதை எடைபோட வழி கண்டவர் டாக்டர் அல்ல. டப்ளின் நகரில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த காசெட் என்பவர்! சொந்தப் பெயரில் எழுத ஆலை அனுமதிக்கவில்லை. ஆகவே “மாணவன்” என்ற புனைபெயரில் 1908-ல் வெளியிட்டார். அதில் இந்தப் பத்துப் பேரின் கணக்கும் இருந்தது.

இரண்டு தீர்ப்பு

அந்தக் கணக்கை இரண்டு விதமாகப் போடலாம்.

இரு மருந்துக்கும் வெவ்வேறு ஆட்கள் என்று எண்ணிப் போட்டால், மருந்துகளில் பேதமே இல்லாவிட்டாலும் இவ்வளவு வித்தியாசம் 100-க்கு 8 தடவை வரும் என்கிறது. 5-க்குள் வந்தால்தான் நம்புவது நிபுணர்களின் வழக்கம். நல்ல மருந்து தோற்றுப் போகிறது!

ஒவ்வொருவரையும் அவரோடே ஒப்பிட்டுப் போட்டால்? 1000-க்கு 3 தடவைதான். மருந்து ஜெயித்துவிட்டது!

காரணம் இதுதான். முதல் மருந்தில் ஒருவர் 3 மணி 42 நிமிடம் அதிகம் தூங்கினார். இன்னொருவருக்கு உள்ள தூக்கத்திலும் 1 மணி 36 நிமிடம் குறைந்தது. இவர்களை ஒரே குவியலாகக் கொட்டினால் மருந்தின் பலன் தெரியாது. தனித்தனியே பார்த்தால், 9 பேருக்கு இரண்டாவது மருந்தே மேல். ஒருவருக்கு இரண்டும் சமம். அதே ஆட்கள் என்பதால் இந்தக் கணக்கே சரி.

உயிரா, சாவா?

எல்லா இடத்திலும் இது செல்லாது. 1948-ல் பிரிட்டனில் வெளியான காசநோய் ஆராய்ச்சியில் இரண்டு கோஷ்டியும் வேறு வேறு ஆட்கள். ஜோடி சேர்க்க முடியாது. பிழைத்தாரா, இறந்தாரா என்பதற்குச் சராசரி ஏது? தலைகளை எண்ணி ஒப்பிடும் வேறு சோதனைதான் வேண்டும். படுக்கை ஓய்வு மட்டும் பெற்ற 52 பேரில் 14 பேர் ஆறு மாதத்துக்குள் இறந்தனர். ஓய்வோடு ஸ்ட்ரெப்டோமைசின் ஊசியும் பெற்ற 55 பேரில் இறந்தவர்கள் 4 பேர்.