ப்ளக் வயருக்கு ஜடை பின்னாதீங்க! - ஓர் அம்பாஸடர் கற்றுத்தந்த பாடம்

அக்கா கல்யாணத்துக்கு இன்னும் நான்கு நாள்தான் இருந்தது. மண்டபத்துக்கு மணப்பெண் தாத்தாவின் பழைய அம்பாஸடரில்தான் வர வேண்டும் என்பது அப்பாவின் ஆசை. பெயின்ட், பாலிஷ் எல்லாம் முடிந்த பிறகு பானெட்டைத் திறந்தவர், இன்ஜினையும் துடைத்துப் பளபளப்பாக்கினார். அங்கும் இங்கும் தொங்கிக்கொண்டிருந்த நான்கு ப்ளக் வயர்களையும் ஒன்றாகச் சேர்த்து, பிளாஸ்டிக் டை போட்டு இறுக்கிக் கட்டினார். பார்க்க அவ்வளவு அழகு!

அன்று மாலை லேசான தூறல். தெருமுனையைத் தாண்டுவதற்குள் வண்டி குலுங்க ஆரம்பித்துவிட்டது. 'மிஸ்ஸிங்' அடித்தபடியே வீடு திரும்பினோம். இருட்டிய பிறகு வந்த மெக்கானிக் அண்ணன், வாசல் லைட்டை அணைக்கச் சொல்லிவிட்டு இன்ஜினை ஸ்டார்ட் செய்தார். கட்டிய வயர்களுக்கு நடுவே நீல நிறத்தில் பொறி பறந்தது. "ஜடை போட்டா பொண்ணுக்கு அழகு சார். வயருக்கு இடைவெளிதான் அழகு" என்றார் சிரித்தபடி.

ஏன் இப்படி?

பேட்டரியில் இருப்பது 12 வோல்ட்தான். இக்னிஷன் காயில் அதை 10,000 வோல்ட்டுக்கும் மேலே ஏற்றி, டிஸ்ட்ரிப்யூட்டர் வழியாக ஒவ்வொரு ப்ளக்குக்கும் அனுப்புகிறது. இவ்வளவு அழுத்தத்தில் வரும் மின்சாரம், சுலபமான வழி கிடைத்தால் ப்ளக் வரை போகாமல் அங்கேயே இறங்கிவிடும். பழைய வயரின் ரப்பர் உறையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்பும், மேலே கொஞ்சம் ஈரமும், ஒட்டி உரசும் பக்கத்து வயரும் இருந்தால் போதும். அப்பா கட்டிய டை, அந்தச் சுலபமான வழியைப் போட்டுக்கொடுத்துவிட்டது.

வரிசை தப்பக் கூடாது

மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில், 2014 வரை தயாரான கார் அம்பாஸடர். அதில் பல ஆண்டுகள் வந்த 1489 சிசி பெட்ரோல் இன்ஜினின் ஃபயரிங் ஆர்டர் 1-3-4-2. ரேடியேட்டர் பக்கம் இருப்பது முதல் சிலிண்டர். டிஸ்ட்ரிப்யூட்டருக்குள் ரோட்டார் கடிகார முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்றும். அதே திசையில், அதே வரிசையில் மூடியில் வயர்கள் இருக்க வேண்டும். இரண்டு வயர்கள் இடம் மாறினாலும் இன்ஜின் இருமும், 'டப் டப்' என்று வெடிக்கும்.

எனவே நான்கையும் ஒரே நேரத்தில் கழற்றாதீர்கள். இன்ஜினை அணைத்து ஆறவிட்டு, ஒன்றைக் கழற்றி, எண் எழுதி ஒட்டி, சரியான வழியில் மாட்டிய பிறகு அடுத்ததைத் தொடுங்கள். வயரைப் பிடித்து இழுக்காமல், முனையில் இருக்கும் தொப்பியைப் பிடித்துக் கழற்றுங்கள்.

எதைத் தொடக் கூடாது?

எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டுதான் முதல் எதிரி. அதன் சூட்டில் உறை கருகிவிடும். இந்த இன்ஜினில் ப்ளக்குகள் ஒரு பக்கமும் எக்ஸாஸ்ட் எதிர்ப்பக்கமும் இருப்பது நம் அதிர்ஷ்டம். முன்னால் சுற்றும் ஃபேன், பெல்ட், ஆக்ஸிலரேட்டர் கம்பி, கூரான தகட்டு விளிம்பு ஆகியவற்றிலும் வயர் உரசக் கூடாது.

வயர்களைப் பிரித்துப் பிடிக்கும் சீப்பு போன்ற கிளிப்புகள் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும். ஒரு கிளிப்பில் ஒவ்வொரு வயருக்கும் தனித்தனிப் பள்ளம். எல்லாம் ஒழுங்காக வரிசையில் நிற்கும். ஆனால், ஒன்றையொன்று தொடாது. அப்பா தேடிய அழகும் இதில் கிடைத்துவிடும்.

3-க்குப் பிறகு 4, 2-க்குப் பிறகு 1 என, அருகருகே இருக்கும் சிலிண்டர்கள் அடுத்தடுத்து வெடிக்கின்றன. இந்த ஜோடிகளின் வயர்களை நீண்ட தூரத்துக்கு ஒட்டி ஓட விடாதீர்கள். ஒன்றில் பாயும் மின்சாரம் பக்கத்து வயரிலும் மின்சாரத்தைத் தூண்டலாம். வயர்கள் குட்டையாக இருக்கும் நான்கு சிலிண்டர் இன்ஜினில் இந்தத் தொல்லை குறைவு. நீளமான வயர்கள் ஓடும் அமெரிக்க வி8 கார்களில் இதற்காகவே தனிக் கவனம் எடுப்பார்கள்.

நீளம் முக்கியம்

அதிகமாகத் தொங்கினால் எங்காவது போய் உரசும். விறைப்பாக இழுத்தால் முனை கழன்றுவிடும். காயில் காரின் பாடியில் இருந்தால், அங்கிருந்து வரும் வயரைக் கொஞ்சம் தளர்வாக விடுங்கள். இன்ஜின் ஆடும், பாடி ஆடாது அல்லவா? கார்பன் இழை உள்ள வயரைக் கூர்மையாக மடிக்கவும் கூடாது. உள்ளே இழை அறுந்துவிடும்.

வேலை முடிந்ததும் இரவில் காரைத் திறந்தவெளியில் நிறுத்தி, நியூட்ரலில் வைத்து, ஹேண்ட் பிரேக் போட்டு ஸ்டார்ட் செய்து பாருங்கள். நீலப் பொறி தெரிந்தாலோ, 'டிக் டிக்' சத்தம் கேட்டாலோ வயர் செட்டையே மாற்றுவது நல்லது. ஓடும் இன்ஜினில் எந்த வயரையும் கையால் தொடாதீர்கள். துப்பட்டா, வேட்டி நுனியெல்லாம் ஃபேனிலிருந்து தள்ளியே இருக்கட்டும்.

எங்கள் காருக்கும் புது வயர் செட், இரண்டு கிளிப்புகள், ஒரு மணி நேர வேலை. கல்யாணத்தன்றும் மழை பெய்தது. அக்காவை ஏற்றிக்கொண்டு ஒரு குலுக்கல்கூட இல்லாமல் மண்டபம் வந்து நின்றது அம்பாஸடர். மாப்பிள்ளை வீட்டார் பாராட்டியது பெயின்ட்டைத்தான். அப்பா மட்டும், கேட்டவருக்கும் கேட்காதவருக்கும் பானெட்டைத் திறந்து காட்டிக்கொண்டிருந்தார்!