நூறு மணி நேரத்திலிருந்து ஒரு படம்

அமெரிக்க ஆவணப்பட இயக்குநர் பிரெடெரிக் வைஸ்மேன் சட்டம் படித்து, சட்டம் கற்பித்தவர். 1967-இல் வெளியான ‘டிட்டிகட் ஃபாலீஸ்’ தொடங்கி அரை நூற்றாண்டுக்கும் மேலாகப் பள்ளி, மருத்துவமனை, நீதிமன்றம், நூலகம் என்று பொது நிறுவனங்களைப் படமாக்கியவர். வர்ணனை இல்லை, பேட்டி இல்லை, வெளியிலிருந்து சேர்த்த இசையும் இல்லை. ஆகவே படத்தின் முழுப் பாரமும் தொகுப்பின் மீதே விழுகிறது.

முதல் வேலை அனுமதி பெறுவது. கிடைத்ததும் ஓரிரு நாள் இடத்தைச் சுற்றிப் பார்ப்பார், முன்னாய்வு அவ்வளவே. படப்பிடிப்பு பெரும்பாலும் 4 முதல் 12 வாரம் நடக்கும். குழுவில் மூவர்: ஒளிப்பதிவாளர், உதவியாளர், ஒலிவாங்கியைப் பிடித்திருக்கும் வைஸ்மேன். ஒலிப்பதிவை இயக்குநரே வைத்துக்கொண்டது மிக நல்ல ஏற்பாடு. பேச்சு எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதைக் காதால் பிடித்து, கைச்சைகையால் கேமராவை அங்கே செலுத்திவிடலாம். படச்சுருளில் எடுத்த காலத்தில், 16 மி.மீ. சுருள் 400 அடிக்குச் சுமார் 11 நிமிடம் ஓடும். தீர்ந்ததும் உதவியாளர் சுருள் ஏற்றிய அடுத்த மேகசினைக் கேமராவில் மாட்டத் தருவார். நூறு மணி நேரப் பதிவு என்றால் 2,16,000 அடி.

அடுத்து, ஒலிநாடாவில் உள்ளதைத் துளையிட்ட காந்தச் சுருளுக்கு மாற்றி, படத்தோடு ஒலியைப் பொருத்த வேண்டியிருந்தது. பின் 6 முதல் 8 வாரம் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்து, உணவகங்களுக்கு மிஷெலின் கையேடு தருவதுபோல் காட்சிகளுக்கு நட்சத்திரம் இடுவார். ஏறக்குறைய பாதி அங்கேயே ஒதுங்கிவிடும்.

மீந்தவற்றைத் தனித்தனிக் காட்சிகளாகச் செதுக்க 6 முதல் 8 மாதம். தொழிலின் நுட்பம் இங்கேதான். ஒன்றரை மணி நேரக் கூட்டம் ஐந்தாறு நிமிடமாகச் சுருங்க வேண்டும். ஆனால் இடைவிடாமல் நடந்ததாகத் தோன்ற வேண்டும். பேசுபவரின் வாக்கியம் முடியும் இடத்தில் ஒலியை வெட்டி, இருபது நிமிடம் கழித்து அவர் சொன்னதை ஒட்டுவார்கள். ஒட்டின் மேல் அவர் முகம் இருந்தால் தலை சட்டென்று துள்ளும். அதனால் அந்த இடத்தில் கேட்டுக்கொண்டிருப்பவரின் முகத்தை இரண்டு மூன்று விநாடி வைப்பார்கள். படப்பிடிப்பின்போதே கேட்பவர்களையும் எடுத்துவைத்திருந்தால்தான் இது கைகூடும். பேச்சின் பொருள் திரியாமல் வெட்டுவது தொகுப்பவரின் நேர்மை.

காட்சிகள் தயாரானபின் முதல் கோர்ப்பு மூன்று நான்கு நாளில் முடிந்துவிடும்! மாதக்கணக்கில் செய்த உழைப்பின் பலன் அது. இறுதி அளவைவிட 30, 40 நிமிடம் நீண்டிருக்கும் அந்த வடிவத்தின் தாளத்தைச் சரிசெய்ய மேலும் 6 முதல் 8 வாரம். ஒவ்வொரு துண்டும் அந்த இடத்தில் ஏன் இருக்கிறது என்று தமக்குத்தாமே சொற்களில் சொல்லிப் பார்ப்பார்; சொல்ல முடியாதது நிற்காது. நீளத்துக்கு முன்கூட்டியே வரம்பு கிடையாது. பாஸ்டன் மருத்துவமனையின் தீவிர சிகிச்சைப் பிரிவில் எடுத்த ‘நியர் டெத்’ (1989) ஏறக்குறைய 6 மணி நேரம்.

கடைசியாக, ஒதுக்கிய சுருள்களையும் சேர்த்து அனைத்தையும் மறுபடி ஓட்டிப் பார்ப்பார். ஒரு காட்சியிலிருந்து அடுத்ததற்கு மாறும் இடத்தை இணைக்கவோ திறக்கவோ தேவைப்படும் துணுக்கு பெரும்பாலும் அங்கே அகப்படும். அதைப் பொருத்தியபின் ஒலிக்கலவை, நெகட்டிவ் வெட்டு, பிரதி.