பனி கொட்டிய மண்... பாக்கி கேட்கும் கடல்!

வீடு வாங்கப் போனால் என்னவெல்லாம் கேட்போம்? தண்ணீர் வசதி உண்டா, பஸ் ஸ்டாப் பக்கமா, பத்திரம் சரியாக இருக்கிறதா? இங்கிலாந்தின் கிழக்குக் கரையில் உள்ள ஹோல்டர்நெஸ் பகுதியில் கூடுதலாக ஒரு கேள்வி கேட்க வேண்டும். ‘கடல் இன்னும் எத்தனை மீட்டர் தள்ளி இருக்கிறது?’

யார்க்‌ஷரில் சுமார் 60 கிலோமீட்டர் நீளமுள்ள இந்தக் கரை, சராசரியாக வருடத்துக்கு 2 மீட்டர் பின்வாங்குகிறது. ஐரோப்பாவிலேயே மிக வேகமாகக் கரையும் கரைகளில் இதுவும் ஒன்று. ரோமானியர்கள் ஆண்ட காலத்திலிருந்து இன்றுவரை சுமார் 5 கிலோமீட்டர் அகலத்துக்கு நிலம் போய்விட்டது. கூடவே சுமார் 30 ஊர்களும் போயின.

ஏன் இந்தக் கரை மட்டும் இப்படிக் கரைகிறது? பதில் தெரிய, சுமார் 20,000 வருடங்கள் பின்னால் போக வேண்டும்.

தோசை மாவு போலப் பரவிய பனி

அது கடைசிப் பனியுகம். பெய்த பனி உருகாமல் வருடக்கணக்கில் சேர்ந்து, அழுந்தி, கட்டியாக இறுகியது. பிரிட்டன் மேல் படர்ந்த பனிப்பாளம் சில இடங்களில் ஒரு கிலோமீட்டருக்கும் அதிகமான தடிமன் கொண்டது. அவ்வளவு எடை ஓரிடத்தில் நிற்குமா? தோசைக்கல்லில் ஊற்றிய மாவு தானாகவே பரவுவதுபோல, பனியும் தன் எடையாலேயே வெளிப்பக்கம் நகர்ந்தது. அடியில் உருகிய தண்ணீர், வழுக்கிச் செல்ல உதவியது.

போகிற வழியில் பாறைகளைப் பெயர்த்துத் தன் அடியில் பதித்துக்கொண்டது. அந்தக் கற்களோடு நகர்ந்தபோது, உப்புத்தாள் மரத்தைத் தேய்ப்பதுபோலத் தரையைத் தேய்த்து மாவாக்கியது.

உலகின் தண்ணீர் இப்படிப் பனியாக முடங்கியதால், கடல்மட்டம் இன்றைவிடச் சுமார் 120 மீட்டர் தாழ்ந்திருந்தது. நம் பாக் நீரிணைகூட அப்போது நிலமாகத்தான் கிடந்தது. இன்று கப்பல் ஓடும் வடகடலின் பெரும்பகுதியும் நிலமாகவோ பனியாகவோ இருந்தது. அந்த வழியாகத்தான் பனியின் ஒரு பெரும் நாக்கு, ஹோல்டர்நெஸ் மேல் ஏறி வந்தது.

தரம் பிரிக்காத மூட்டை

ஆறு மண்ணைக் கொண்டுவந்தால் சலித்துப் போடும். கனமான கல் முதலில் தங்கும், பிறகு மணல், கடைசியில் வண்டல். பனிக்கு அந்தப் பழக்கம் இல்லை. உருகும் இடத்தில் களிமண், மணல், கூழாங்கல், பெரும்பாறை எல்லாவற்றையும் ஒரே குவியலாகக் கொட்டிவிடும். ஹோல்டர்நெஸ் முழுக்க அப்படிக் கொட்டிய பாறைக்களிமண்தான்.

அந்த மண்ணுக்குள் இளஞ்சிவப்புப் படிகங்கள் கொண்ட கிரானைட் கற்கள் கிடைக்கின்றன. அவற்றின் சொந்த ஊர், இங்கிலாந்தின் மேற்கே உள்ள ஷாப். நார்வேயின் ஆஸ்லோ பகுதிப் பாறைகளும் கிடைக்கின்றன. இரண்டையும் இங்கே சேர்த்தது பனிதான்.

அதற்கு முன் கடற்கரை எங்கே இருந்தது? சீவர்பி என்ற ஊரில் அதைப் பார்க்கலாம். வெள்ளைச் சுண்ணாம்புப் பாறையால் ஆன பழைய செங்குத்துக் கரை ஒன்று, பனி கொட்டிய மண்ணுக்குள் புதைந்து கிடக்கிறது. அதன் அடியில் நீர்யானை, யானை எலும்புகள் கிடைத்துள்ளன. பனியுகத்துக்கு முந்தைய வெப்பகாலத்து விலங்குகள் அவை! அந்தப் பழைய கரை அங்கிருந்து உள்நாட்டுப் பக்கம் வளைந்து செல்கிறது. அதற்குக் கிழக்கே உள்ள நிலமெல்லாம் பனி கொட்டியது.

கெட்டிப்படாத மண் என்பதால் அலை அடியில் குடைகிறது. மழைநீர் மேலிருந்து ஊறி இளக்குகிறது. ஒருநாள் மொத்தமாகச் சரிகிறது.

ஒரு ஊருக்குக் காவல்... அடுத்த ஊருக்கு?

1991-ல் மேப்பிள்டன் என்ற சிற்றூரையும் அதன் வழியே போகும் சாலையையும் காப்பாற்ற, சுமார் 20 லட்சம் பவுண்டு செலவில் இரண்டு தூண்டில் வளைவுகள் அமைத்தார்கள். அதற்கான பாறைகள் நார்வேயிலிருந்து கப்பலில் வந்தன. அன்று பனி சுமந்துவந்த அதே நாட்டுக் கல்!

ஊர் பிழைத்தது. ஆனால் கரையோரம் தெற்கே நகரும் மணல் அங்கே தடுக்கப்பட்டதால், தெற்கே உள்ள கௌடன் பகுதியில் கடற்கரை மெலிந்தது. அங்கே அரிப்பு கூடி, விளைநிலம் வேகமாகக் கடலுக்குப் போனது.

அப்படியானால் கரை முழுக்கச் சுவர் கட்டினால் என்ன? செலவு ஒருபக்கம். இன்னொரு பக்கம், தெற்குமுனையில் ஸ்பர்ன் என்ற நீண்ட மணல்திட்டு இருக்கிறது. வடக்கே கரையும் மண்ணிலிருந்து வரும் மணல்தான் அதற்குச் சாப்பாடு. 2013 டிசம்பர் புயலில் கடல் அதன் குறுகிய பகுதியை உடைத்துக்கொண்டு போனது. வடக்கே கரையை மொத்தமாகப் பூட்டினால் ஸ்பர்ன் பட்டினி கிடக்கும்.

அதனால் பிரிட்லிங்டன், ஹார்ன்சீ, வித்தர்ன்சீ போன்ற ஊர்களுக்குத் தடுப்பு உண்டு. இடையில் உள்ள வயல்களுக்கும் தனி வீடுகளுக்கும் பெரும்பாலும் கிடையாது. அரிப்பில் வீட்டை இழப்பவருக்கு இழப்பீடும் இல்லை. இடித்து அகற்றும் செலவுக்கு ஓரளவு உதவி கிடைக்கும்.

மண்ணைக் கொண்டுவந்தது பனி; எடுத்துப்போவது கடல். எந்த ஊரைக் காப்பது, யாருடைய வயலை விட்டுக்கொடுப்பது என்பதை மட்டும் மனிதர்கள் முடிவு செய்ய வேண்டியிருக்கிறது.