நாய்க்குச் செய்த பிஸ்கட் கெடாதிருக்க

வீட்டைக் காக்கும் நாய்க்கு மீந்த சோற்றை வைப்பதோடு நம் கடமை முடிந்ததென எண்ணுகிறோம். சொன்னபடி கேட்கும்போது பரிசாகக் கொடுக்க அதற்கும் ஒரு தின்பண்டம் வேண்டாமா? 1860களில் ஜேம்ஸ் ஸ்பிராட் என்பவர் இலண்டனில் நாய் பிஸ்கட்டை விற்பனைக்குக் கொண்டு வந்தார். அதை நம் வீட்டிலேயே செய்யலாம். ஆனால் அதைக் கெடாமல் வைப்பதில்தான் திறமை இருக்கிறது.

பண்டத்தைக் கெடுக்கும் பகைவர் மூவர்: ஈரம், காற்று, வெப்பம். ஈரமிருந்தால் பாக்டீரியாவும் பூசணமும் வளரும். காற்றிலுள்ள ஆக்சிஜன் கொழுப்போடு சேர்ந்தால் சிக்கு வாடை வீசும். வெப்பம் இரண்டையும் விரைவுபடுத்தும். ஊறுகாய்க்கும் கருவாட்டுக்கும் உப்பே காவல். நாய்க்கோ மிகுந்த உப்பு ஆகாது. ஆகவே நன்றாக உலர்த்துவதே நமக்குள்ள வழி.

இரண்டு கோப்பை கோதுமை மாவுடன், வேகவைத்து மசித்த கோழி ஈரல் அரைக் கோப்பை சேர்த்து, தேவையான நீர் விட்டுக் கெட்டியாகப் பிசைய வேண்டும். எண்ணெய் வேண்டாம். சப்பாத்தியைவிடச் சற்றுக் கனமாக இட்டு, சிறு வில்லைகளாக வெட்டி, முள்கரண்டியால் குத்தி, 160 டிகிரி செல்சியஸ் சூட்டில் சுமார் 40 நிமிடம் சுட வேண்டும். பிறகு அடுப்பை அணைத்து, ஆறும்வரை உள்ளேயே விட்டுவிட வேண்டும். ஒடித்தால் 'மடக்' என்று ஒடிய வேண்டும். வளைந்தால் ஈரம் மிச்சமிருக்கிறது.

சூடாக டப்பாவில் அடைத்தால் நீராவி நீராகி அதிலேயே படியும். எனவே நன்கு ஆறியபின், காற்றுப் புகாத சிறு டப்பாக்களில் பிரித்து வைத்து, செய்த தேதியை எழுதி ஒட்ட வேண்டும். நன்கு உலர்ந்தவை வெளியில் இரண்டு வாரம் வரை தாங்கும். மழைக்காலத்தில் அதற்குள் தீர்ப்பது நல்லது. மிருதுவானவற்றைக் குளிர்பெட்டியில் வைத்து ஒரு வாரத்துக்குள் கொடுத்துவிட வேண்டும். உறைபெட்டியில் சில மாதங்கள் இருக்கும். அங்கிருந்து எடுத்த டப்பாவைக் குளிர் விட்ட பின்பே திறக்க வேண்டும். இல்லையேல் உள்ளே ஈரம் படியும்.

பூசணம் கண்டால் சுரண்டிவிட்டுக் கொடுக்கலாகாது. 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கும் அதிகமான வான்கோழிகள் மடிந்தன. பூசணம் பிடித்த நிலக்கடலைத் தீவனத்திலிருந்த அஃப்ளடாக்சின் என்னும் நஞ்சே அதற்குக் காரணம். அது ஈரலைத் தாக்கும், நாயையும் விடாது, சாதாரண அடுப்புச் சூட்டில் அழியாது. வெங்காயம், பூண்டு, உலர்ந்த திராட்சை, சாக்லேட் ஆகியவையும் நாய்க்கு ஆகாதவை.

தோழியரே, கெட்ட உணவு கண்டால் நாம் தட்டைத் தள்ளிவிடுவோம். நம்மை நம்பிய நாயோ, நம் கை நீட்டியதை முகர்ந்துகூடப் பாராமல் விழுங்கிவிடும். அதற்காக டப்பாவைத் திறந்து பார்க்கவேண்டியவர்கள் நாமே!