கப்பம் கேட்கும் கணினி வைரஸ்: எமது தொழிலைக் காப்பது எப்படி?

இடம்பெயர்ந்த நாட்களில் எம்மில் பலர் முதலில் கையில் எடுத்தது ஒரு பையைத்தான். காணி உறுதி, பிறப்பு அத்தாட்சிப் பத்திரம், அடையாள அட்டை, பிள்ளைகளின் பரீட்சைப் பெறுபேறுகள், வங்கிப் புத்தகம் எல்லாம் அதற்குள் இருந்தன. வீட்டையும் தளபாடங்களையும் விட்டு வந்தவர்கள்கூட அந்தப் பையை விடவில்லை. பையைத் தொலைத்தவர்கள் ஒரு பிரதியைப் பெறுவதற்காக எத்தனை அலுவலகப் படிகளில் ஏறி இறங்கினார்கள் என்பதையும் நாம் அறிவோம்.

இன்று அந்தப் பையின் ஒரு பகுதி கணினிக்குள் வந்துவிட்டது. தையல் நிலையம் நடத்தும் சகோதரியின் வாடிக்கையாளர் அளவுகளும் கடன் கணக்கும், மிளகாய்த்தூள் பொதி செய்து விற்பவரின் கடைப் பட்டியலும், மாதர் சங்கத்தின் சேமிப்புக் கணக்கும் அங்கேதான் இருக்கின்றன. ஒருநாள் காலை கணினியைத் திறக்கும்போது எந்தக் கோப்பும் திறக்காமல், பணம் செலுத்தினால்தான் அவை திரும்பக் கிடைக்கும் என்ற அறிவித்தல் மட்டும் திரையில் நின்றால் என்ன செய்வோம்?

இதனை ஆங்கிலத்தில் ரான்சம்வெயார் என்பார்கள். கப்ப வைரஸ் என்று நாம் சொல்லலாம். அது கோப்புகளை எவராலும் வாசிக்க முடியாத குறியீடாக மாற்றிப் பூட்டிவிடும். திறப்பு அனுப்பியவரின் கையில் இருக்கும். அவரைக் கண்டுபிடிப்பது கடினமாக இருக்கவேண்டும் என்பதற்காகப் பெரும்பாலும் பிட்கொயின் போன்ற மின்நாணயத்தில் பணம் கேட்பார்கள்.

பெரியவர்களையும் விடவில்லை

2017 மே மாதம் வானாக்ரை என்ற கப்ப வைரஸ் 150 நாடுகளுக்கு மேல் பரவியது. பிரித்தானியாவில் வைத்தியசாலைகளின் பணிகளே பாதிக்கப்பட்டன. அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் புதுப்பிப்பை மைக்ரோசொப்ட் நிறுவனம் இரண்டு மாதங்களுக்கு முன்னரே வெளியிட்டிருந்தது. அதனைப் போடாத கணினிகளே பெரும்பாலும் அகப்பட்டன.

எமது நாட்டிலும் 2023 ஓகஸ்ட்டில் அரசாங்க மின்னஞ்சல் சேவை தாக்கப்பட்டது. அமைச்சரவை அலுவலகம் உட்பட ஏறத்தாழ 5,000 மின்னஞ்சல் முகவரிகள் பாதிக்கப்பட்டன. மே 17 முதல் ஓகஸ்ட் 26 வரையான காலத்துக்குரிய தரவுகளுக்குத் தனியான பிரதி இருக்கவில்லை. அவை இழக்கப்பட்டன.

இதற்கு மாறான ஒரு சம்பவமும் உண்டு. 2017 ஜூனில் டென்மார்க்கின் மேர்ஸ்க் கப்பல் நிறுவனம் தாக்கப்பட்டபோது, அதன் வலையமைப்பை மீளக் கட்டுவதற்கு வேண்டிய முக்கிய தரவு எல்லா இடங்களிலும் அழிந்திருந்தது. கானா நாட்டில் இருந்த ஒரேயொரு கணினியில் மட்டும் அது தப்பியிருந்தது. மின்தடையால் அந்த வேளையில் அக்கணினி வலையமைப்பில் இணைந்திருக்கவில்லை. தனியே விலகியிருந்த பிரதிதான் அந்தப் பெரிய நிறுவனத்துக்குக் கைகொடுத்தது.

மூன்று பிரதிகள்

எமக்குத் தேவையானதும் அதுவே. கணினியில் இருப்பது முதலாவது பிரதி. இரண்டு பென் ட்ரைவ்களை வாங்கி இன்னும் இரண்டு பிரதிகளை வைத்துக்கொள்ளுங்கள். ஒன்று வீட்டில் இருக்கட்டும். மற்றதை அக்கா வீட்டிலோ நம்பிக்கையான சிநேகிதி வீட்டிலோ வையுங்கள். ஒரு வாரம் ஒன்றிலும் மறுவாரம் மற்றதிலுமாகப் பிரதி எடுங்கள். எடுத்து முடிந்ததும் உடனே கழற்றிவிட வேண்டும். செருகியபடியே விட்டால் வைரஸ் அதனையும் பூட்டிவிடும். இணையச் சேமிப்பும் நல்லதே. ஆனால் கணினியில் மாறுவது அங்கும் தானாக மாறுவதால், பூட்டிய கோப்பே அங்கும் போய்ச் சேரலாம். ஆகவே அதை மட்டும் நம்பியிருக்க வேண்டாம்.

மாதம் ஒருமுறை அந்தப் பிரதியை வேறொரு கணினியில் திறந்து பாருங்கள். திறக்காத பிரதி இருந்தும் பயனில்லை. வாடிக்கையாளர்களின் தொலைபேசி இலக்கங்களையும் வரவேண்டிய கடன்களையும் ஒரு கொப்பியில் எழுதி வைத்தால், கணினி இல்லாத நாட்களிலும் தொழில் நிற்காது.

வாசலை அடைப்போம்

தெரியாதவரிடமிருந்து பற்றுச்சீட்டு, பொதி, பரிசு என்று வரும் மின்னஞ்சல் இணைப்புகளைத் திறக்க வேண்டாம். தெரிந்தவர் பெயரில் வந்தாலும் சந்தேகம் இருந்தால் அழைத்துக் கேளுங்கள். களவாகப் பிரதி செய்த மென்பொருட்களைப் போடுவதைத் தவிருங்கள். அவற்றுடன் வைரஸும் சேர்ந்து வரலாம். புதுப்பிப்பு வந்தால் பின்போடாதீர்கள். விண்டோஸ் 10இற்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்துவிட்டது. அதனைப் பாவிப்பவர்கள் மாற்று வழி பற்றிக் கணினி தெரிந்த ஒருவரிடம் கேட்பது நல்லது.

வந்துவிட்டால்

முதலில் இணைய வயரைக் கழற்றுங்கள், வைஃபையை நிறுத்துங்கள். பிரதி உள்ள பென் ட்ரைவை அந்தக் கணினியில் எக்காரணம் கொண்டும் செருக வேண்டாம். திரையில் உள்ள அறிவித்தலைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து வையுங்கள். இலங்கை சேர்ட் நிறுவனத்தின் 101 என்ற இலக்கத்துக்கு அழைத்து ஆலோசனை பெறலாம். இது 2007ஆம் ஆண்டின் கணினிக் குற்றங்கள் சட்டத்துக்குட்பட்ட குற்றம். எனவே பொலிஸிலும் முறைப்பாடு செய்யலாம். சில வகை வைரஸ்களுக்கான திறப்புகளை, ஐரோப்பியப் பொலிஸாரும் மற்றவர்களும் 2016இல் தொடங்கிய நோ மோர் ரான்சம் திட்டம் இலவசமாக வழங்குகிறது. பின்னர் கணினியை முற்றாகத் துடைத்து, மென்பொருளைப் புதிதாகப் போட்ட பிறகே பிரதியிலிருந்து கோப்புகளை மீள எடுக்க வேண்டும்.

அவசரப்பட்டுப் பணம் கட்டாதீர்கள். கட்டினாலும் கோப்புகள் திரும்பும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. மேர்ஸ்க்கைத் தாக்கிய வைரஸில் கோப்புகளை மீட்கும் வழியே இருக்கவில்லை. தாலிக்கொடியை அடகு வைத்துக் கப்பம் கட்டிவிட்டு, கணக்கும் இல்லாமல் நிற்கும் நிலை எமது சகோதரி எவருக்கும் வரக்கூடாது.

கையில் ஒரு பிரதி இருப்பவள் கப்பக்காரனுக்கு மறுப்புச் சொல்லலாம். அன்று உறுதிப் பையைக் கட்டி வைத்த அதே கைகளால், இந்த வாரமே முதலாவது பிரதியை எடுத்து வைப்போம்.