அடியும் மீட்டரும்

எங்கள் வடக்கனந்தல் பகுதியில் மழை மில்லிமீட்டரில் பெய்யும். அருகிலுள்ள கோமுகி அணையோ அடிக்கணக்கில் நிரம்பும்! கல்வராயன் மலையில் பெய்த மழையைச் செய்தித்தாளில் மில்லிமீட்டரில் படிக்கிறோம். அதே செய்தியில் அணையின் முழுக் கொள்ளளவு உயரம் 46 அடி என்றும், திறந்துவிடும் நீர் விநாடிக்கு இத்தனை கன அடி என்றும் இருக்கும். ஒரு கன அடி ஏறத்தாழ 28.3 லிட்டர் என்பதை நாமே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் பாடத்தில் மெட்ரிக் அளவுகளையே படிக்கிறோம். இதற்கான சட்டம் நம் நாட்டில் 1956-ஆம் ஆண்டு வந்தது. 1957 ஏப்ரல் முதல் நாள், 16 அணாவாக இருந்த ரூபாய் 100 நயா பைசா ஆயிற்று. 1958 அக்டோபர் முதல் கிலோ எடைகள் புழக்கத்திற்கு வரத் தொடங்கின. வீசையும் பலமும் மெல்ல மறைந்தன.

எடையில் வென்ற மெட்ரிக் முறை நீளத்திலும் பரப்பிலும் ஏன் வெல்லவில்லை? எடைக்கல்லுக்கு அரசாங்கம் முத்திரை வைக்கலாம். வாய்ப்பேச்சுக்கு யார் முத்திரை வைப்பது? துணியை மீட்டரில் வாங்கி, தையற்காரரிடம் அங்குலத்தில் அளவு கொடுக்கிறோம். கரும்பு ஏக்கருக்கு எத்தனை டன் என்கிறோம். ஏக்கர் ஆங்கிலேயர் தந்தது, டன்னோ 1,000 கிலோ. பூ இன்னும் முழம்தான். அதுவும் பூக்காரம்மாவின் கை நீளத்தைப் பொறுத்தது!

இவையெல்லாம் வேடிக்கை. நிலம் அப்படியன்று. பட்டாவில் பரப்பு ஹெக்டேர், ஏர் என்று இருக்கும். வீட்டுப் பேச்சிலோ ஏக்கர், சென்ட். ஓர் ஏர் 100 சதுர மீட்டர். ஒரு சென்ட் சுமார் 40.47 சதுர மீட்டர்தான். ஆகவே பட்டாவில் '0 - 40.50' என்று கண்டால் அது நாற்பதரை சென்ட் அன்று. 40.50-ஐ 2.471-ஆல் பெருக்கிப் பாருங்கள்: நூறு சென்ட், அதாவது முழுதாக ஓர் ஏக்கர்! இது தெரியாமல் சென்ட் என்று எண்ணி விலை பேசுபவர், அறுபது சென்ட் நிலத்தைச் சும்மா கொடுத்தவராவார். பாகப்பிரிவினையிலும் இதே ஆபத்து உண்டு. ஆயுள் முழுதும் உழுத நிலத்தின் அளவைத் தாத்தா கண்ணாலேயே சொல்லிவிடுவார். காகிதத்தில் உள்ள எண்தான் அவருக்கு அந்நியம். வீட்டில் பட்டாவைப் படித்துச் சொல்லும் வேலை பெரும்பாலும் எங்களைப் போன்ற பிள்ளைகளுக்கே வந்து சேருகிறது.

எழுதுகோல் கையில் இல்லாதபோது ஏரை இரண்டரையால் பெருக்கினால் போதும். நூறு சென்டுக்கு ஒரு சென்ட் அளவே கூடுதலாக வரும். பத்திரம் எழுதும்போது மட்டும் 2.471-தான்.